அடுத்து எது உடையும்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தெருக்களுக்குக் கீழே, ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் கிடந்த கடல் வற்றிப் படிந்த உப்பு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிருந்து மேலே வரும் உப்பு அடுப்படிக்குப் போவதில்லை; பனிக்காலத்தில் சாலையில் கொட்டப்படுகிறது. டெட்ராய்ட்டை ஒட்டிய வாரன் என்ற ஊரில் 1938இல் டாட்ஜ் லாரி ஆலை தொடங்கப்பட்டது. அந்த ஆலையில் பிறந்த வண்டிகளை அதே வட்டாரத்து மண்ணுக்கடியில் கிடைக்கும் உப்பே தின்று தீர்க்கிறது. இந்த வேடிக்கையைக் கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

அப்படித் தின்னப்பட்ட வண்டிகளில் ஒன்றுதான் இந்த அத்தியாயத்தின் நாயகன்: 1989 முதல் 1993 வரை வந்த, கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய டாட்ஜ் ராம் பிக்கப். பின்பக்கம் திறந்த தொட்டி, முன்னால் ஒரு கேபின், கீழே ஏணி வடிவச் சேசிஸ். குதிரைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துப்போகும் பண்ணைக்காரருக்கும், கட்டுமானச் சாமான் ஏற்றும் ஒப்பந்தக்காரருக்கும் ஏற்ற கனரக வகை. இன்று அவற்றைத் தேடிப்பிடித்து, வீட்டுக் கராஜில் நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் புதுப்பிப்பவர்கள் அமெரிக்காவில் பலர்.

ஏன் இந்த வண்டி? அதன் உடலும் உயிரும் வேறு வேறு காலத்தவை. கேபினின் அடிப்படை வடிவம் 1972இல் வந்தது. 1980களின் முடிவில் போட்டி நிறுவனங்களின் வண்டிகளுக்கு முன்னால் அது கிழடு தட்டிப்போயிருந்தது. அந்தக் கிழட்டு உடலுக்குள் டாட்ஜ் வைத்த எஞ்சினோ, இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் 1919இல் தொடங்கிய கம்மின்ஸ் நிறுவனம், டிராக்டர் செய்யும் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பண்ணை எந்திரங்களையும் கட்டுமான எந்திரங்களையும் லாரிகளையும் மனத்தில் வைத்து வடிவமைத்தது. ஆறு சிலிண்டர், வரிசையாக. 5.9 லிட்டர். எடை அரை டன்னுக்கு நெருக்கம். அதே வண்டியில் வந்த பெட்ரோல் எஞ்சினைவிட ஏறக்குறைய இரு மடங்கு. குதிரைத் திறன் வெறும் 160தான். ஆனால் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, அதாவது 540 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 1,700 சுற்றிலேயே கிடைத்துவிடும். 5 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஹெட்டைத் திறக்காத எஞ்சின்கள் உண்டு.

இந்தக் குடும்பத்து எஞ்சின் நமக்கும் அந்நியமில்லை. 1993இல் டாடாவும் கம்மின்ஸும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே பி வரிசை எஞ்சின்களைச் செய்தது. நம் நெடுஞ்சாலைகளில் சிமென்ட்டும் நெல்லும் ஏற்றிப்போன டாடா லாரிகள் பலவற்றில் உறுமியது இந்த 5.9 லிட்டர்தான்.

ஆக, எஞ்சின் சாவதில்லை, உடம்பு நிற்பதில்லை. பழைய பிக்கப்பைப் புதுப்பிக்கும் வேலை முழுவதும் இந்தப் பொருத்தமின்மையைச் சமாளிப்பதுதான். அந்த வேலையில் இறங்கியவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றே: இதைச் சரிசெய்துவிட்டேன், அடுத்து எது உடையும்?

முதலில் துரு. வடக்கு மாநிலங்களின் சாலைகளில் கொட்டப்படும் உப்பு, நீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. சோடியம் குளோரைடு எவ்வளவு அடர்த்தியாகக் கரைந்தாலும் சுமார் மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே அதன் பலம் செல்லாது. நடைமுறையில் மைனஸ் 10ஐ நெருங்கும்போதே அது சோர்ந்துவிடும். அதனால் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் கலக்கிறார்கள். வண்டிக்கு எமன் இந்தக் கலவைதான். சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் கசியும். கால்சியம் குளோரைடு அதில் பாதி ஈரம்கூட இல்லாத காற்றிலிருந்தும் நீரை உறிஞ்சித் தானே கரைந்துகொள்ளும். வெயிலடிக்கிறது, சாலை காய்ந்துவிட்டது என்று வண்டிக்காரர் நினைத்துக்கொண்டிருக்க, சேசிஸின் உட்புறத்தில் மட்டும் ஈரம் காய்வதே இல்லை.

ஈரம் இருந்தால் இரும்பு கரையும் என்பது பாதிக் கதை. எங்கே கரையும் என்பதுதான் சுவாரசியம். கேம்பிரிட்ஜில் அரிப்பை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் ஓர் எளிய சோதனை செய்தார். சுத்தமான இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதற்குள் இரண்டு நிறங்காட்டிகள். இரும்பு கரைந்தால் ஒன்று நீலம் காட்டும், காரம் உண்டானால் இன்னொன்று இளஞ்சிவப்புக் காட்டும். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமானது, விளிம்பு சிவந்தது. விளிம்பில் நீர்ப்படலம் மெல்லியது. காற்றின் ஆக்சிஜன் எளிதாக உள்ளே வரும். நடுவில் நீர் தடித்தது, ஆக்சிஜன் எட்டாது. ஆக்சிஜன் கிடைக்கும் விளிம்பு எலக்ட்ரான்களைக் கேட்கிறது, கிடைக்காத நடுப்பகுதி தன் இரும்பைக் கரைத்து அந்த எலக்ட்ரான்களைத் தகடு வழியாக அனுப்புகிறது. ஒரே தகட்டில், ஒரே சொட்டுக்குள், ஒரு குட்டி மின்கலம்.

அதாவது காற்றுப் படும் இடம் தப்பிக்கிறது, காற்றுப் புகாத இடம் கரைகிறது. உள்ளுணர்வுக்கு நேர்மாறான இந்த முடிவைத் தெரிந்துகொண்டு பழைய டாட்ஜின் அடியில் படுத்துப் பார்த்தால், துருவின் வரைபடம் முழுக்கப் புரிந்துவிடும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, கேபினின் பின்மூலைகள், சக்கர வளைவின் உள்மடிப்பு, கேபினைச் சேசிஸில் உட்கார வைக்கும் தாங்கிகள், தொட்டிக்கும் அதன் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே. எல்லாமே சேறு தங்கும் இடம், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம். துருவோ தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். எனவே மடிப்புக்குள் உண்டாகும்போது தகடுகளை நெம்பிப் பிரித்து, இன்னும் ஆழமாக ஈரத்தை உள்ளே அழைக்கும். வெளியே பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறதென்றால், உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

அதனால்தான் துருவின்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. பட்டி காற்றை அடைக்கும். காற்று அடைபட்ட இடத்தில் என்ன நடக்கும் என்று எவன்ஸ் சொல்லிவிட்டார். பட்டியின் இடம் வேறு: துருவை வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமர் அடித்த பிறகு மேடு பள்ளம் சமன்செய்ய மட்டும். விற்பவர் பளபளவென்று நிறுத்தியிருக்கும் வண்டியை நம்பாமல், காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்மூலைகளில் வைத்துப் பார்ப்பவர் பிழைத்தார். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

வெட்ட வேண்டாத, கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் அழகான வழி உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்தில் கொடுத்து, நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டில் கொடுத்து இரண்டையும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். சாலையில் நடந்த மின்வேதியியல் இங்கே பின்னோக்கி ஓடுகிறது. பாகத்துக்கு எலக்ட்ரான்கள் தாராளமாகக் கிடைப்பதால் நல்ல இரும்பு கரைவதில்லை. செந்துரு கறுத்துத் தளர்ந்து, பிரஷ் போட்டால் உதிர்ந்துவிடும். இரண்டு எச்சரிக்கை. நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் இறங்கும். பாகத்தின்மேல் குமிழி குமிழியாக வருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்தவெளியில் செய்ய வேண்டும், அருகே நெருப்பு கூடாது. அந்த ஹைட்ரஜனால் இன்னொரு மறைமுக ஆபத்தும் உண்டு. கடினப்படுத்திய எஃகுக்குள் அது அணு அணுவாகப் புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்கும். ஸ்பிரிங் பட்டைகளையும் உயர்வலு போல்ட்டுகளையும் அந்தத் தொட்டியில் போட்டால், பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக வரும், பாரம் ஏறும் நாளில் சொல்லாமல் முறியும்.

எட்டாத மூலைகளுக்குத் துருவை மாற்றும் திரவங்கள் கடையில் விற்கின்றன. பாஸ்பாரிக் அமிலம் கொண்டவை துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டானின் கொண்டவை அதைக் கருநிறமான இரும்பு டானேட்டாக மாற்றும். கலம்காரித் துணிகளில் கடுக்காயையும் இரும்புக் கரைசலையும் சேர்த்துக் கறுப்பு நிறம் வரவழைப்பது இதே வினைதான். அந்தக் கறுப்பு நூற்றாண்டுகளாகத் துணியில் நிற்கிறது. சேசிஸில் அவ்வளவு நாள் நிற்காது, ஆனால் பெயின்ட் பிடித்துக்கொள்ள ஒரு தரை கிடைக்கும்.

துருவுக்கு அடுத்தபடி பொறுமையைச் சோதிப்பது போல்ட். முப்பது வருடம் உப்பில் ஊறிய போல்ட் ஸ்பேனருக்கு அசையாது. பலம் போட்டால் தலை முறிந்து கையில் வரும். மரைகளுக்கு நடுவே புகுந்த துரு பருத்து இரண்டையும் ஒன்றாக இறுக்கியிருக்கிறது. இங்கே உதவுவது வெப்ப விரிவு. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் 300 டிகிரி சூடாக்கினால், 16 மில்லிமீட்டர் துளை ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் பெரிதாகும். தலைமுடியின் தடிமன். அது போதும், துருவின் பிடி உடைந்துவிடும். நட்டுச் சூடாகிப் போல்ட் சூடாகாமல் இருக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் திருப்ப வேண்டும், இரண்டும் சமமாகச் சூடேறிவிட்டால் பயனில்லை. ஆறும்போது மெழுகைத் தொட்டு வைத்தால் உருகி மரைக்குள் தானாக இழுபடும். டார்ச்சைப் பிரேக் குழாய்க்கும் டீசல் குழாய்க்கும் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது. துத்தநாகம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் கிளம்பும் வெண்புகை காய்ச்சல் தரும்.

கழற்றுவதைவிடத் திருப்பி மாட்டுவதில்தான் அறிவியல் அதிகம். போல்ட் என்பது மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீள்கிறது, நீண்டது சுருங்கப் பார்க்கும் விசைதான் இரண்டு பாகங்களைப் பிடித்துவைக்கிறது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இந்தப் பிடிவிசையாகிறது. ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கடியில் உராய்வில் போகிறது, மீதி மரைகளின் உராய்வில். இதனால் ஒரு விபரீதம்: மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்குக்குப் பிடிவிசை கணிசமாகக் கூடும், துரு இருந்தால் குறையும். கையேட்டில் போட்டிருக்கும் எண் காய்ந்த மரைக்கா, எண்ணெயிட்ட மரைக்கா என்று பார்க்காமல் டார்க் ஸ்பேனரை 'கிளிக்' கேட்கும்வரை திருப்புவது, அளந்ததாக நம்பிக்கொள்வது மட்டுமே.

இனி சேசிஸ். டாட்ஜின் ஏணிச் சேசிஸ் 'ப' எழுத்தைச் சாய்த்து வைத்த குறுக்குவெட்டு கொண்டது: மேலே ஒரு படுக்கைப் பட்டை, கீழே ஒரு படுக்கைப் பட்டை, இரண்டையும் இணைக்கும் நெட்டுச் சுவர். பாரம் ஏறினால் இரு ஆக்சில்களுக்கு நடுவே மேல்பட்டை அமுங்கும், கீழ்பட்டை இழுபடும், சுவரின் நடுக்கோட்டில் வளைவால் வரும் தகைவு ஏறக்குறைய இருக்காது. கூடுதல் டாங்க்கோ வின்ச்சோ மாட்ட நினைப்பவர்கள் கைக்கு எட்டும் கீழ்பட்டையில் துளை போட்டுவிடுகிறார்கள். மிக மோசமான இடம் அதுதான். துளை வேண்டுமென்றால் சுவரின் நடுவில் போடலாம்.

இந்தத் தலைமுறை டாட்ஜின் நாலு சக்கர இயக்க வகையில் ஸ்டியரிங் பெட்டி மாட்டியிருக்கும் இடத்துச் சேசிஸில் விரிசல் விடுவது பலர் அறிந்த சங்கதி. கனமான எஞ்சின், தடித்த முன் ஆக்சில், ஒவ்வொரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அந்த ஓரிடத்தில் விழும் இழுப்பு. விரிசலைக் கண்டவுடன் அனுபவசாலி முதலில் கையிலெடுப்பது வெல்டிங் டார்ச்சை அல்ல, டிரில்லை. விரிசலின் முனையில் ஒரு துளை போடுகிறார். விரிசல் விட்ட இரும்பில் மேலும் துளையா?

இதற்கான கணக்கை 1913இல் சார்லஸ் இங்லிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் போட்டுக் காட்டினார். தகட்டில் உள்ள ஓட்டையின் முனை எவ்வளவு கூர்மையோ, அந்த முனையில் தகைவு அவ்வளவு குவியும். 20 மில்லிமீட்டர் ஓடிய விரிசலின் முனை வளைவு 0.05 மில்லிமீட்டர் ஆரம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தகைவு சராசரியைப்போல் 41 மடங்கு. அதே முனையில் 6 மில்லிமீட்டர் துளை போட்டால் ஆறேழு மடங்காக இறங்கிவிடும். எஃகின் வலிமை மாறவில்லை, எடுத்த இரும்பு எடுத்ததுதான். கூர்மை மட்டும் போயிற்று. விரிசல் அங்கே நின்றபின் இரண்டு பக்கமும் சாய்வாக அறுத்து வெல்டிங் நிரப்பி, மேலே வலுவூட்டும் தகடு வைக்கிறார்கள். அந்தத் தகட்டின் ஓரத்தை நேர்செங்குத்தாக வெட்டினால், விறைப்பு திடீரென மாறும் கோடு ஒன்று உண்டாகி, அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும். ஓரத்தைக் கூம்பி வெட்ட வேண்டும். பழுதுபார்த்த இடத்துக்குப் பக்கத்தில் உடைந்த சேசிஸ்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தில் கோட்டை விட்டிருப்பார்கள்.

எஞ்சினுக்கு வருவோம். ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் அது தானே சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தக் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். கடுங்குளிரில் கிளம்ப, காற்று உள்ளே போகும் வழியில் ஒரு மின்சூடேற்றி. டீசலைப் பீய்ச்சுவது பாஷ் நிறுவனத்தின் வி.இ. பம்ப், ஒரே ஒரு பிளஞ்சர் சுழன்றபடியே முன்னும் பின்னும் அசைந்து ஆறு சிலிண்டருக்கும் முறைவைத்து அளந்து அனுப்புகிறது. முழுக்க எந்திரவியல். எஞ்சின் ஓடத் தேவையான ஒரே மின்சாரம், டீசலைத் திறந்துவைக்கும் ஒரு சோலனாய்டுக்குப் போகும் 12 வோல்ட் ஒயர். கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டில் வைத்து வேலை செய்பவர்கள் இந்த வண்டிமேல் உயிரை விடுவதற்குப் பாதிக் காரணம் இது. ஆனால் குழாயில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. வளிமண்டலத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பரவும். சின்னக் குத்தாகத் தெரிவது சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே வழக்கம்.

இவ்வளவு உறுதியான எஞ்சினுக்கும் ஒரு மரண ரகசியம் உண்டு. கேம் ஷாஃப்ட்டையும் பம்பையும் ஓட்ட இதில் பெல்ட்டோ செயினோ இல்லை, பல்சக்கரங்கள்தான். அவற்றை மூடும் அலுமினிய உறையை எஞ்சின் பிளாக்கின்மேல் சரியான இடத்தில் உட்கார வைக்க, இறுக்கி அடித்த ஓர் எஃகு ஊசி இருக்கிறது. சுண்டுவிரல் நுனியளவுதான். அதைப் பிடித்துவைப்பது இறுக்கம் ஒன்றே. வெளியே வராமல் தடுக்கும் விளிம்பு கிடையாது. வருடக்கணக்கான சூட்டிலும் அதிர்விலும் அது மெல்ல மெல்ல நகர்ந்து வெளியே விழலாம். விழுந்தால் பல்சக்கரங்களுக்கு நடுவே. உறை பிளக்கும், பற்கள் முறியும், எஞ்சினின் கதை முடியலாம். 1998 வரை வந்த பன்னிரண்டு வால்வு எஞ்சின்களில் இந்த ஊசிக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'கொலைகார ஊசி'. மருந்து மலிவு: முன்மூடியைத் திறந்து, ஊசியை உள்ளே தட்டி, பக்கத்துப் போல்ட்டுக்கு அடியில் ஒரு சிறு தகட்டை வைத்து ஊசியின் வாயை மறைத்தால் முடிந்தது. என்னைக் கேட்டால், இந்த வண்டியை வாங்குபவர் பெயின்ட் நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

யாரும் அங்கே நிறுத்துவதில்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் 160 குதிரைத் திறன் போதவில்லை. வி.இ. பம்பின் பின்புறத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் ஒவ்வொரு பீய்ச்சலுக்கும் டீசல் கூடும். செலவில்லை, ஐந்து நிமிட வேலை, வண்டி பாயும். பெட்ரோல் எஞ்சினில் இப்படி முடியாது. அங்கே திறனை நிர்ணயிப்பது உள்ளே விடும் காற்று. டீசல் எஞ்சினில் காற்று எப்போதும் தாராளம், திறனை நிர்ணயிப்பது எண்ணெய். அதனால் திருகைத் திருப்பத் திருப்பத் திறன் கூடும், காற்று போதாமல் போகும் எல்லைவரை. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். ஆனால் பீய்ச்சிய துளிகளுக்குக் காற்றோடு கலக்கக் கிடைக்கும் நேரம் சில மில்லி வினாடிகள்தான் என்பதால், 20 கிலோவுக்குக் கீழே இறங்கும்போதே எரியாத கரி வெளியேறத் தொடங்கும். அதுதான் கரும்புகை. சிலர் அதை வீரமாகக் கருதி வேண்டுமென்றே ஊதித் தள்ளுகிறார்கள். அவர்கள் ஊதுவது காசு கொடுத்து வாங்கிய டீசல் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

புகை கண்ணுக்குத் தெரியும், சூடு தெரியாது. எண்ணெய் கூடக் கூடப் புகைப்போக்கியின் வெப்பம் ஏறும். பிஸ்டன்கள் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எரியும் வாயு அதைவிடப் பல மடங்கு சூடானாலும் பிஸ்டன் பிழைத்திருப்பது, கீழிருந்து பீய்ச்சும் எஞ்சின் ஆயிலும், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் குளிர்ந்த காற்றும் சூட்டை வாங்கிக்கொள்வதால். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போவுக்கு முன்னால், வெளியேறும் வாயுவின் வெப்பம் 680 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால் அந்தச் சமநிலை குலையும் என்பது இந்த வட்டாரத்தின் பொதுவிதி. மேட்டில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் ஏறுவதுதான் சோதனை. நேர்ச்சாலையில் சில வினாடி பாய்வதல்ல. அதனால் திருகைத் தொடும் முன் வெப்பமானியைப் பொருத்துபவரே விவரம் தெரிந்தவர்.

சூட்டைக் குறைக்கக் காற்றைக் கூட்ட வேண்டும். டர்போ காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது, வெளியே 27 டிகிரியில் இருந்த காற்று 120 டிகிரியை நெருங்குகிறது. சூடான காற்று லேசானது. எஞ்சினுக்குள் நுழையும் முன் ரேடியேட்டர் போன்ற ஓர் இன்டர்கூலரில் அதை 60 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதே கொள்ளளவில் 18 விழுக்காடு அதிகக் காற்று அடங்கும். 1991 மாடலின் நடுவில்தான் டாட்ஜ் இதைப் பொருத்தியது. முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பிந்தைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றங்களிலேயே எனக்கு முழு உடன்பாடு உள்ளது இந்த ஒன்றில்தான். திறன், சூடு, புகை மூன்றும் ஒரே நேரத்தில் நல்ல திசையில் நகர்வது அபூர்வம்.

மற்றவை எல்லாம் பாரத்தைக் கைமாற்றுகின்றன. முறுக்குவிசை 540இலிருந்து 800 ஆனதும் முதலில் கிளட்ச் வழுக்கும். தடித்த கிளட்ச் போட்டால், அதுவரை வழுக்கி வழுக்கிக் காப்பாற்றப்பட்ட கெட்ராக் நிறுவனத்துக் கியர் பாக்ஸ் அதிர்ச்சி முழுவதையும் வாங்கும். அதன் உதிரிப் பாகங்களோ இன்று எளிதில் கிடைப்பதில்லை. அழுத்தம் கூடினால் ஹெட்டைத் தூக்கப் பார்க்கும், ஹெட் போல்ட்டின் பிடிவிசை போதாமல் கேஸ்கெட் ஊதும். ஆலையின் பொறியாளர்கள் 160இல் நிறுத்தியது எஞ்சினுக்கு அதற்குமேல் இயலாது என்பதால் அல்ல. அதற்குப் பின்னால் இருப்பவற்றை எண்ணித்தான்.

பெரிய டயர் இன்னும் நுட்பமான ஏமாற்று. வண்டியோடு வந்த டயரின் விட்டம் 806 மில்லிமீட்டர். பலர் மாட்ட விரும்பும் 35 அங்குல டயர் 889. பத்து விழுக்காடு வித்தியாசம். ஆக்சிலில் 3.54 என்றிருந்த பல்விகிதம் 3.21 ஆனது போல வண்டி நடந்துகொள்ளும், மேட்டில் திணறும். கேபிள் வழியாகச் சக்கரச் சுற்றை எண்ணும் பழைய ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி 110இல் போகும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு அதிகம். அதே பிரேக் தரையில் கொடுக்கும் விசையோ, சக்கரத்தின் ஆரம் கூடியதால் 9 விழுக்காடு குறைவு. மேலே ஸ்பிரிங் பட்டைகளை உயர்த்தி வண்டியைத் தூக்கினால் ஈர்ப்பு மையமும் ஏறும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை வண்டி கவிழும் வாய்ப்பை மதிப்பிடப் பயன்படுத்தும் எண், சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுப்பதுதான். இடைவெளி 1.7 மீட்டர், மையம் 75 சென்டிமீட்டரில் என்றால் 1.13, மையம் 12 சென்டிமீட்டர் உயர்ந்தால் 0.98. திருப்பத்தில் டயர் வழுக்கும் முன் வண்டி சாயத் தொடங்கும் எல்லைக்கு அது மிக அருகில்.

சட்டமும் குறுக்கே வரும். வண்டியின் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். அப்படி அகற்றப்பட்ட டீசல் பிக்கப்புகள் பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணித்தது. நம் டாட்ஜ் அந்தக் கருவிகள் வருவதற்கு முந்தைய வண்டி என்பதால் அகற்ற ஒன்றும் இல்லை. மிச்சிகனில் ஆண்டுதோறும் வண்டியைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் கிடையாது, பென்சில்வேனியாவில் உண்டு. ஆக டெட்ராய்ட் பக்கத்து வண்டிக்காரருக்கு அவரே ஆய்வாளர்.

அந்த ஆய்வில் முதலிடம் பிரேக் குழாய்க்கு. சேசிஸின் ஓரமாக ஓடும் மெல்லிய எஃகுக் குழாய் வெளியிலிருந்து அரிக்கும். மிதியை வழக்கமாக அழுத்தும்போது தாங்கும், குழந்தை குறுக்கே ஓடிவரும்போது பலங்கொண்டமட்டும் மிதித்தால் வெடிக்கும். முழுவதும் கழற்றி எறிந்து செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போடுகிறார்கள். உப்பு அதை எளிதில் தின்னாது, கையாலேயே வளைக்கலாம். பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும் ஆயில், ஈரமேறியபின் 140இலேயே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

எல்லாம் முடிந்து முதல் ஓட்டம் போகும் முன் சக்கரத்தைக் கழற்றி ஒரு பார்வை. புதுப்பிக்கும் ஆசையில் சக்கர வட்டிலின் உட்புறத்திலும், அது போய் உட்காரும் ஹப்பிலும், நட்டு அமரும் குழிவிலும் தடிமனாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். நட்டை இறுக்கும்போது அந்தப் பெயின்ட்டும் சேர்ந்து இறுகும், ஓட ஓட நசுங்கி மெலியும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் மெலிகிறது, ஆனால் போல்ட் நீண்டிருப்பதும் அந்த அளவில்தான். நீட்சி போனால் பிடிவிசை போயிற்று. நட்டுகள் தாமே கழல ஆரம்பிக்கும். உட்காரும் முகங்களில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, 80 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நான்கு சக்கரத்தையும் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும்.